கூரை யாருடையது?



ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ மாநகரில், சாரிங் கிராஸ் மான்ஷன்ஸ் என்றொரு கட்டடம் உள்ளது. ஜான் ஜேம்ஸ் பர்னெட் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1889ஆம் ஆண்டு தொடங்கப் பெற்று, 1891இல் நிறைவுற்றது. சிவப்பு மணற்கல்லால் ஆன அதன் முகப்பு, சாலையின் திருப்பத்தை ஒட்டி வில்போல் வளைந்து செல்கின்றது. நடுவில் சிற்பங்கள் சூழ்ந்த கடிகாரம். மேலே செங்குத்தான கூரை. முதன்முறை காண்போர் அதனை அரண்மனை என்றே எண்ணுவர். உண்மையில் அது, கீழே கடைகளும் மேலே வீடுகளுமாகக் கட்டப்பட்ட அடுக்குக் குடியிருப்பு. இவ்வகைக் கட்டடத்தை அங்குள்ளோர் 'டெனமென்ட்' என்பர்.

கல்லூரியில் வரலாறு பயின்று, மதரசாவில் பாடம் நடத்திவரும் எனக்கு, தங்கை மகனின் அழைப்பால் அந்நகரில் சில வாரங்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. அவன் வசிப்பது நகரின் தென்பகுதியான போலக்ஷீல்ட்ஸில். பாகிஸ்தான், இந்தியப் பூர்வீகம் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் பல அங்கு வாழ்கின்றன. விக்டோரியா மகாராணி காலத்துக் கல் கட்டடங்களின் கீழ்த்தளங்களில் ஹலால் இறைச்சிக் கடைகளும் மளிகைக் கடைகளும் நடைபெறுகின்றன.

இக்கட்டடங்களின் அமைப்பைச் சற்றே கூறுகின்றேன். பெரும்பாலும் நான்கு தளங்கள். தெருவிலிருந்து உள்ளே செல்லும் பொது நடையையும் படிக்கட்டையும் 'குளோஸ்' என்கின்றனர். வசதி மிக்க கட்டடங்களில் அதன் சுவரில் பாதி உயரம்வரை பளபளக்கும் வண்ண ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கும். வெளிச்சம் குறைந்த நாடாதலால், அறைக்குள் ஒளியை அள்ளிவர வெளியே பிதுங்கிய சன்னல்கள். கடைகளுக்கு அகன்ற கண்ணாடி முகப்பு தேவையன்றோ? ஆதலின் கீழே சுவரைத் திறந்துவிட்டு, மேல்தளங்களின் பாரத்தை இரும்பு உத்தரங்களின் மீதும் தூண்களின் மீதும் ஏற்றினர்.

முகப்பின் அழகைக் கண்டு மயங்குவோர் கட்டடத்தின் பின்புறத்தையும் காண வேண்டும். அங்கே சிற்பமில்லை, வேலைப்பாடில்லை, வெறும் கற்சுவரே. ஏழைத் தொழிலாளரின் டெனமென்ட்களில் ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுதும் வாழ்ந்தது. கழிப்பிடம் படிக்கட்டின் திருப்பத்தில். அதுவும் பல வீடுகளுக்குப் பொது. 2,000 கன அடிக்கு மேற்படாத சிறு வீடுகளை அளந்து, இத்தனை பேரே தங்கலாம் என்ற தகட்டைக் கதவில் பதிக்க 1862ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஆளுக்கு 300 கன அடி என்பது கணக்கு. மிகுதியானோர் தங்குகின்றனரா என அதிகாரிகள் நள்ளிரவில் கதவைத் தட்டிச் சோதித்தனர்.

நான் சென்றிருந்த காலத்தில், மருமகன் வாழும் கட்டடத்தின் கூரை ஒழுகிக் கொண்டிருந்தது. சிலேட்டுக் கற்கள் பெயர்ந்து, நீர் மேல்வீட்டின் உத்தரம்வரை இறங்கிவிட்டது. கீழே இரண்டு கடைகள். மேலே ஆறு வீடுகள். எட்டு உரிமையாளரும் மருமகன் வீட்டில் கூடினர்.

கடைக்காரர்களுள் ஒருவரான பெரியவர், "மழை ஒழுகுவது மேலேதானே? என் கடையில் ஒரு சொட்டும் விழவில்லையே! நான் ஏன் பணம் தர வேண்டும்?" என்றார்.

உச்சித் தளத்தில் தனியே வாழும் ஸ்காட்லாந்து மூதாட்டி அமைதியாகச் சொன்னார்: "ஐயா, உங்கள் கடைக்கு அடியிலுள்ள அஸ்திவாரத்தின் மேல்தான் நானும் உறங்குகின்றேன். நாளை அதில் பழுது கண்டால், எனக்கென்ன என்று நான் கேட்கலாமா?"

எவரும் பேசவில்லை. எனக்கு மனம் பதைத்தது. இவர் மறுத்தால், குளிர்காலத்தில் அம்மூதாட்டியின் கதி என்ன?

"சட்டமும் இதைத்தான் சொல்கிறது, மாமா" என்று மருமகன் பிறகு விளக்கினான். 2004ஆம் ஆண்டின் டெனமென்ட் சட்டப்படி, பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லையெனில், கூரையும் அஸ்திவாரமும் வெளிச்சுவரும் அனைவரும் சேர்ந்து பராமரிக்க வேண்டியவை. பெரும்பான்மையோர் முடிவெடுக்கலாம். செலவைச் சமமாகப் பகிர வேண்டும். மிகப் பெரிய பகுதி மிகச் சிறிய பகுதியைவிட ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டதாயின், பரப்பளவுக்கேற்பப் பகிர வேண்டும்.

ஆனால் அப்பெரியவரைப் பணிய வைத்தது சட்டமன்று. மறுநாள் அவரே மாடியேறி வந்து, "வியாபாரம் மந்தமாக உள்ளது. இரண்டு தவணையாகத் தரலாமா?" என்று கேட்டார். மூதாட்டி தேநீர் கொடுத்துச் சம்மதித்தார்.

வாசகர்களே! நூறாண்டுகளுக்கு மேலாக அக்கட்டடம் நிலைத்திருப்பதற்குக் கல்லும் இரும்பும் மட்டும் காரணமல்ல. கீழே இருப்பவர் கூரையைத் தமதென்றும், மேலே இருப்பவர் அஸ்திவாரத்தைத் தமதென்றும் கருதி, தலைமுறை தலைமுறையாகப் பணம் தந்து பேணி வந்ததும் காரணமாகும். ஒருவர் கைவிரித்திருந்தால், அந்த அழகிய முகப்பு என்றோ இடிந்திருக்கும். ஒரே கூரையின்கீழ்ப் பலராய் வாழும் நாம் அனைவரும் இதனைச் சிந்திப்போமாக.