கடலடிக் கிறிஸ்துவும் ஒரு பழைய மூச்சுக்கருவியும்

இத்தாலியின் வடமேற்குக் கரையில், ஜெனோவா நகருக்குக் கிழக்கே, கமோலி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே படகேறி அரை மணி நேரம் சென்றால், மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் சிறு குடாவொன்றில் சான் ஃபுருத்துவோசோ துறவுமடம் கண்ணுக்குப் புலப்படும். அவ்விடத்துக்குச் சாலை கிடையாது. படகில் செல்ல வேண்டும். அன்றேல் மலைப்பாதையில் நடக்க வேண்டும். சென்ற செப்டம்பர் மாதத்தில் அத்தலத்தைக் காணும் பேறு எங்கள் இருவருக்கும் கிட்டியது. ஆயினும், தங்கையின் கவலையே எங்களை அவ்வளவு தூரம் இழுத்துச் சென்றது என்பதை வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை.

தங்கையின் மகன் ஜெனோவாவில் கப்பல் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறான். வசந்த காலத்தில் அவன் முறைப்படி மூழ்குபயிற்சி பெற்றுச் சான்றிதழும் வாங்கிவிட்டான். ஒவ்வொரு முறையும் கருவிகளுக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று, முதியவர் ஒருவர் விற்க விரும்பிய பழைய கருவித் தொகுதி முழுவதையும் 350 யூரோவுக்கு வாங்கப் பேசி வைத்திருந்தான். இதைக் கேட்ட நாளிலிருந்து தங்கைக்கு உறக்கம் இல்லை. காரணம் உண்டு. அவள் கணவர் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். பட்டறையிலே வண்டிச் சக்கரங்களுக்குக் காற்றடித்துத் தேய்ந்துபோன கம்ப்ரசர் ஒன்றை மலிவாக வாங்கிப் படகில் பொருத்தி, அதன் குழாயை வாயில் கவ்விக்கொண்டு நெடுநேரம் ஆழத்தில் கிடப்பார். ஒருநாள் கம்ப்ரசர் நடுவில் நின்றுவிட, பதறி மேலே வந்தார். அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் வெளியேறப் போதிய அவகாசம் இன்றிக் குமிழிகளாயிற்று. அன்று முதல் அவருடைய இடக்கால் அவர் சொல்வதைக் கேட்பதில்லை.

முதலில் மடத்தைப் பற்றிச் சில சொற்கள். 259ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுத் தாரகோனாவில், திருத்தொண்டர் இருவரோடு எரிக்கப்பட்டு மறைசாட்சியாக உயிர்நீத்த ஆயர் புனித ஃபுருக்துவோசுஸ் பெயரால் விளங்குவது இம்மடம். ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் வாழ்ந்த இடம். ஜெனோவாவின் புகழ்பெற்ற தோரியா குடும்பத்தாரின் கல்லறைகள் கறுப்பும் வெள்ளையுமான கல்வரிசைகளோடு இங்கே இருக்கின்றன. அலைகள் மடத்தின் வளைவுகளுக்கு முன்னே வந்து தொட்டுப் போகும் அழகை எவ்வளவு நேரம் பார்த்தாலும் சலிக்காது. விற்கப்படும் காப்பியின் விலையை மட்டும் மன்னிப்பது கடினம்.

ஆனால் இக்குடாவின் பெரும்புகழ் நீருக்கு அடியில் இருக்கிறது. மூச்சுக்கருவி அணிந்து மூழ்கிய இத்தாலிய முன்னோடிகளுள் ஒருவரான தாரியோ கொன்சாத்தி 1947இல் இங்கே மூழ்கியபோது உயிரிழந்தார். அவருடைய நண்பர் துயிலியோ மர்க்காந்தே, அவ்விடத்தின் அருகே கிறிஸ்து நாதரின் சுரூபம் ஒன்றைக் கடலடியில் நிறுவ எண்ணினார். மக்கள் அளித்த பதக்கங்களையும் மணிகளையும் உருக்கி, கைகளை மேலே விரித்து வானோக்கி நிற்கும் வெண்கலச் சுரூபத்தைச் சிற்பி குயிதோ கல்லெத்தி வடித்தார். 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் அது ஏறத்தாழ 17 மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்டது. பின்னாளில் நங்கூரம் பட்டு ஒரு கை முறிந்ததால் மேலே எடுத்துச் செப்பனிட்டு, 2004இல் மீண்டும் இறக்கினர். ஆண்டுதோறும் ஜூலை இறுதியில், கடலில் மாண்டோர் நினைவாக இரவு வழிபாடு நடத்தி, முக்குளிப்போர் மலரிலை மகுடத்தைச் சுரூபத்தின் அடியில் வைக்கின்றனர். மூழ்கத் தெரியாத எங்களைப் போன்றோர் கோவிலுள் இருக்கும் அதன் படியைக் கண்டு செபிக்கலாம். நாங்களும் அங்கே முழந்தாளிட்டுத் தங்கைக்காக ஒரு செபமாலை சொன்னோம்.

மறுநாள் மாலை முதியவரின் வண்டிக் கொட்டிலுக்குப் போனோம். மருமகனுக்குப் பயிற்சியளித்த ஆசிரியையும் எங்கள் வேண்டுகோளுக்கு இணங்கி உடன் வந்தார். அவருடைய ஆராய்ச்சியை அருகிருந்து பார்த்தது எங்களுக்கு ஒரு பாடமாயிற்று.

முதலில் சிலிண்டரின் தோளில் பொறித்த எழுத்துகளை விரலால் தடவிப் படித்தார். கடைசி அழுத்தச் சோதனை 2011இல் நடந்திருந்தது. உள்ளே அடைபடும் காற்று 200 பார் அழுத்தம் உடையது; அதாவது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பாரம். ஈரம் புகுந்து உட்புறம் துருப்பிடித்திருந்தால் அது வெடிகுண்டுக்கு ஒப்பாகும். காலாவதியான உருளைக்குப் பொறுப்புள்ள எந்த நிலையமும் காற்று நிரப்பாது. (இதில் நிரப்புவது சாதாரணக் காற்றே. ஆக்சிஜன் சிலிண்டர் என்று நம் பத்திரிகைகள் எழுதுவது பிழை.)

அடுத்து, சிலிண்டரின் கடும் அழுத்தத்தைக் குறைத்து, மூழ்குபவர் இழுக்கும்போது மட்டும் காற்றை விடும் ரெகுலேட்டரை எடுத்தார். குழாய்களை வளைத்துக் காட்டினார். உலோகப் பிடி சேரும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள். காற்று நுழையும் வாயை மூடிக்கொண்டு வாய்ப்பகுதியில் உறிஞ்சச் சொன்னார், எதுவும் வரக்கூடாது. மருமகனுக்கோ மெல்லிய காற்று வந்தது. எங்கேயோ ஒரு சவ்வு கிழிந்திருக்கிறது. கடலில் அவ்வழியே நீர் புகும்.

"இருபது ஆண்டுகள் இதில்தான் மூச்சு விட்டேன், ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை" என்றார் முதியவர். அவர் பொய் சொல்லவில்லை.

"உண்மைதான் ஐயா. ஆனால் அதன்பின் பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்திருக்கிறதே! உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் சும்மா இருந்தாலும் முதுமை அடையும். இந்த மாதிரிக்கு மாற்று உறுப்புகளும் இப்போது வருவதில்லை" என்றார் ஆசிரியை.

மிதவைச் சட்டையைக் காற்றால் உப்பவைத்து ஓரமாக வைத்தார். அரை மணியில் அது தளர்ந்துபோயிற்று. காற்றேற்றும் பொத்தானோ அழுத்தினால் மீள மறுத்து ஒட்டிக்கொண்டது. ஆழத்தில் அப்படி ஒட்டினால் சட்டை தானே உப்பி ஆளை மேலே தூக்கிக்கொண்டு போகும். பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேற்பரப்பில் இரு மடங்காக விரியும். அச்சத்தில் மூச்சை அடக்கிக்கொண்டவன் நுரையீரல் கிழிந்து மேலே வருவான். இதைக் கேட்டதும் மருமகன் தலைகுனிந்தான். அவன் தந்தையைத்தான் நினைத்திருப்பான்.

கண்ணாடி முகமூடிக்கு எளிய சோதனை. வாரைப் போடாமல் முகத்தில் பொருத்தி மூக்கால் இழுத்தால் தானே ஒட்டி நிற்க வேண்டும். நின்றது, மீசை சிறிது இடைஞ்சல் செய்தது. காலில் அணியும் துடுப்புகளும் ஈயக் கட்டிகள் கோத்த இடைவாரும் பழையனவாயினும் குற்றமில்லை. அவை கெட்டால் மூச்சு நின்றுவிடாது அல்லவா? மூன்றையும் 40 யூரோவுக்கு வாங்கிக்கொண்டோம். ரெகுலேட்டரைத் தாம் இனி எவருக்கும் விற்பதில்லை என்று முதியவர் அதை மீண்டும் அலமாரியில் வைத்தார். நல்ல மனிதர்.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின், பயிற்சி நிலையத்தின் வாடகைக் கருவிகளோடு மருமகன் கடலடிச் சுரூபத்தைக் காண இறங்கினான். நாங்கள் படகில் இருந்தோம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவனுக்குக் கரையில் இரண்டு மணி நேரம் போதும். 17 மீட்டர் ஆழத்திலோ 44 நிமிடங்களில் அனைத்தும் தீர்ந்துவிடும். சேமக்காற்றை ஒதுக்கினால் இன்னும் குறைவு. இந்தக் கணக்கை எங்களுக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நம் கரையில் முத்துக்குளித்த நாட்களில், மேலே கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பதையே விரும்புவார்கள் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கே கயிறு இல்லை. ஆசிரியை அவன் பக்கத்திலேயே இறங்கினார்.

31ஆம் நிமிடத்தில் இருவர் தலையும் தெரிந்தன. "கையில் பாசி படிந்திருக்கிறது மாமா, தொடவில்லை" என்றான். அன்றிரவே தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, புதிய ரெகுலேட்டர் என்ன விலையாகும், மாதம் எவ்வளவு சேர்த்தால் வாங்கலாம் என்று விசாரித்தாள்.