தடுத்தாட்கொண்ட மரம்

முதல் நாள் நான் வீசிய முதல் தட்டே மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. விழும் என்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தேன். விழவில்லை. அதைத் தட்டிவிட இரண்டாவது தட்டை எறிந்தேன். அது இன்னும் இரண்டு கிளை மேலே ஏறி அமர்ந்தது. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "போதும், நிறுத்துங்கள். அந்த மரத்துக்கு வாங்கத்தான் தெரியும், கொடுக்கத் தெரியாது." வெள்ளைத் தாடியும் வெளுத்த தொப்பியுமாக ஒரு பெரியவர். தோல்பையிலிருந்து மடக்குக் கழி ஒன்றை எடுத்து நீட்டினார். மாங்காய் பறிக்கும் தொரட்டிக்கு அமெரிக்கத் தம்பி. இரண்டு தட்டும் கீழே வந்தன.

எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கம். கல்யாணத்துக்கு உட்கார்ந்த சுந்தரரை ஒரு கிழவர் கையில் ஓலையோடு வந்து தடுத்து, "நீ எனக்கு அடிமை" என்று சொல்லி அந்த ஊர்ச் சபைக்கே இழுத்து வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அன்றைக்கு அந்த ஓக் மரம் என் தட்டை ஒழுங்காகப் போகவிட்டிருந்தால், ஆடிப் பார்த்தாயிற்று என்று வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறவில்லை.

போனதற்குக் காரணம் முழங்கால். நடக்கச் சொன்னார்கள். எனக்கோ வெறுமனே நடக்க வராது. கடைக்கோ கோயிலுக்கோ என்றால்தான் கால் நகரும். மகன் கல்லூரிக்கு மிச்சிகன் போனபோது அவன் கட்டிலுக்கு அடியில் ஒரு பை கிடந்தது. உள்ளே ஏழு தட்டுகள். பள்ளிக்கூட நாட்களில் சனிக்கிழமை தோறும் தூக்கிக்கொண்டு ஓடுவானே, அந்தப் பை. அவன் அறையில் எதையும் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கட்டிலுக்கு அடி அறையில் சேர்த்தியா என்பது வாதத்துக்குரியது.

ஆட்டத்தின் பெயர் டிஸ்க் கால்ஃப். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கூடை. ஒரு கம்பத்தில் இடுப்புயரத்தில் கம்பிக் கூடை, அதற்கு மேல் திரைச்சீலை போலத் தொங்கும் சங்கிலிகள். தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். எத்தனை எறியில் விழுகிறது என்பதுதான் கணக்கு. எறிந்த தட்டு எங்கே கிடக்கிறதோ அங்கிருந்து அடுத்த எறி. பதினெட்டுக் கூடைகள், பெரும்பாலும் கூடைக்கு மூன்று எறி என்று வைத்தால் ஐம்பத்து நான்கு. என் முதல் நாள் எண்ணிக்கை 97. எண்ணாமல் விட்டவை தனி.

நான் ஆடும் இடம் பாசடீனாவின் வடமேற்கு ஓரத்தில், அரோயோ செக்கோ என்ற வறண்ட ஆற்றை ஒட்டிய ஹஹமோங்னா பூங்கா. இந்த மண்ணின் பழங்குடிகளான டோங்வா மக்கள் வைத்த பெயர். முன்பு ஓக் க்ரோவ் பூங்கா என்றார்கள். ஆடுகிறவர்கள் வாயில் இன்னும் அதே பெயர்தான். 1975-இல் உலகத்தின் முதல் நிரந்தர டிஸ்க் கால்ஃப் களம் அமைந்தது இங்கேதான். இது எனக்குப் பல மாதம் தெரியாது. நடராஜர் கோயில் வாசலில் இருந்துகொண்டே சிதம்பரம் எங்கே என்று கேட்பார்களே, அந்தக் கதை.

அமைத்தவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் இருந்தவர். தட்டின் மேல் விளிம்பில் வரிவரியாக மேடு வைத்து, அது தள்ளாடாமல் பறக்க வழி செய்து 1967-இல் காப்புரிமை வாங்கியவர். ஆரம்பத்தில் இந்தப் பூங்காவில் கூடை கிடையாது, நட்டுவைத்த கம்பங்கள்தான். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் தகராறு. கோலி ஆட்டத்தில் நமக்குத் தெரியாத தகராறா? ஹெட்ரிக்கும் அவர் மகனும் சேர்ந்து சங்கிலிக் கூடையைச் செய்தார்கள். 1977-இல் அதற்கும் காப்புரிமை. பட்டால் சத்தம் கேட்கும், விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், வாதம் தீர்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு எங்கள் வீட்டு ஊஞ்சல் சங்கிலியை நினைவூட்டும். யாரோ எழுந்து போன பிறகு கொஞ்ச நேரம் தானே ஆடும் அல்லவா, அப்போது வரும் சத்தம்.

ஹெட்ரிக் 2002-இல் காலமானார். அவர் விருப்பப்படி அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். முதலில் கேட்டபோது எனக்கு என்னவோ போலிருந்தது. காவிரியிலும் கடலிலும் கரைத்தே பழகியவர்கள் நாம். பிறகு யோசித்தால், அந்த மனிதரின் ஆறு இதுதானே.

மகனுடைய தட்டுகள் ஃபிரிஸ்பீயை விடச் சிறியவை, கனமானவை. விட்டம் 21 சென்டிமீட்டர் போல, எடை 175 கிராம் வரைக்கும். ஓரம் கத்தி போலச் சரிவாக இருக்கும். 1983-இல் கலிபோர்னியாக்காரரான டேவ் டனிபேஸ் அந்தச் சரிவு விளிம்பைக் கொண்டுவந்த பிறகுதான் தட்டுகள் காற்றைக் கிழித்துக்கொண்டு தூரம் போக ஆரம்பித்தன. எல்லாரும் முதலில் கற்பது, கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ச் சீட்டு விசிறுவது மாதிரி வீசுவது. எனக்கு அது வரவே இல்லை. தோள் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், தட்டு மூன்றாவது பக்கம்.

ஒரு நாள் எரிச்சலில் பக்கவாட்டில் மணிக்கட்டைச் சுண்டிவிட்டேன். தட்டு அம்பு மாதிரி போயிற்று. பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "எங்கே கற்றீர்கள்?" என்றார். எங்கே கற்றேன்? எங்கள் ஊர் ஏரியில். உடைந்த பானை ஓட்டைத் தேடி எடுத்து, குனிந்து, தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகும்படி எறிவோம். ஐந்து தத்து போனால் அன்றைக்கு அவள் ராணி. ஓட்டாஞ்சில்லுக்கும் இந்தத் தட்டுக்கும் உயிர் சுழற்சிதான். சுண்டு இல்லாத சில்லு முதல் தத்திலேயே மூழ்கும், சுண்டு இல்லாத தட்டு முதல் மரத்துக்கு முன்பே கவிழும். நாற்பது வருஷம் கழித்து அந்த மணிக்கட்டு ஞாபகம் வைத்திருந்தது எனக்கே ஆச்சரியம்.

வேகம் குறையக் குறையத் தட்டின் முன்முனை மேலே தூக்கப் பார்க்கும். ஆனால் சுழலும் பொருளை ஒரு பக்கம் தூக்கினால் அது தொண்ணூறு டிகிரி தள்ளிச் சாயும், பம்பரத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் வலக்கைக்காரரின் சீட்டு வீச்சு கடைசியில் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும், என் சில்லு வீச்சு வலப்பக்கம். வெட்டவெளி மைதானத்தில் இது பாடப் புத்தகச் சமாசாரம். தோப்புக்குள் இதுதான் பிழைப்பு. மரத்தைச் சுற்றி வளைந்து போக வேண்டுமென்றால் எந்தப் பக்கம் சாய வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

மரம் என்பது பெரும்பாலும் காற்றுதான் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. இலைக்கும் இலைக்கும் நடுவே இடைவெளி எவ்வளவோ, தட்டு புகுந்து போய்விடாதா என்று அர்த்தம். சத்தியமாகப் பொய். இந்த ஊர் ஓக் இலை உதிர்க்காத ஜாதி. சின்ன இலை, ஓரமெல்லாம் முள், கிளைகள் தரை வரைக்கும் வளைந்து வந்து கையூன்றி எழுந்திருக்கும். இடைவெளியைக் குறிபார்த்தால் தட்டு அடிமரத்தில் 'டொக்' என்று மோதும். ஆகையால் மரத்தைக் குறிபார்க்கிறேன். அதுவும் பல நாள் பட்டுவிடுகிறது.

அந்த 'டொக்' என்னை உறுத்துவதும் உண்டு. எறியும் இடத்துக்கு எதிரே நிற்கிற மரங்களின் பட்டை காயம் காயமாக இருக்கிறது. ஓயாமல் மிதிபட்டு வேரடி மண் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கிறது. புல்வெளிக்கு லாரி லாரியாகத் தண்ணீர் விடும் கால்ஃபைவிட இது எவ்வளவோ மேல், பெரும்பாலான களங்களில் காசும் கேட்பதில்லை என்றெல்லாம் ஆட்டக்காரர்கள் பெருமை பேசுவார்கள். உண்மைதான். ஆனாலும் ஐம்பது வருஷமாக அடி வாங்குகிற மரத்திடம் யாரும் கேட்கவில்லை. சில களங்களில் அடிமரத்துக்குக் கட்டை கட்டிக் காக்கிறார்கள். எல்லா இடத்திலும் செய்ய வேண்டியது அது.

மரங்களும் சும்மா இருப்பதில்லை. அவற்றின் நிழலில் பாய்சன் ஓக் என்று ஒரு செடி படர்ந்திருக்கும். மும்மூன்றாக இலை, தளிரில் பளபளப்பு. வில்வத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு வளர்ந்த எனக்கு மூன்றிலை என்றாலே மரியாதை. தட்டை எடுக்க உரிமையோடு உள்ளே கைவிட்டேன். மறுநாளிலிருந்து இரண்டு வாரம் முழங்கை வரை கொப்புளம். இப்போது மூன்றிலையைக் கண்டால் தூரத்திலிருந்தே கும்பிடு.

இந்த ஆட்டத்தில் எறியும் நேரத்தைவிடத் தேடும் நேரம்தான் அதிகம், குறைந்தபட்சம் என்னைப் போன்றவர்களுக்கு. சருகுக்குள் செருகிக்கொண்ட தட்டு ஐந்தடியில் இருந்தாலும் கண்ணில் படாது. நீங்கள் குனிந்து தேடுவதைப் பார்த்தால் அடுத்த கோஷ்டியும் சேர்ந்து தேடும். யார் நீ, என்ன நிறம் என்பதல்ல கேள்வி. தட்டு என்ன நிறம்? அதற்குத்தான் பதில் வேண்டும். அக்கம்பக்கத்தில் இருபது வருஷம் குடியிருந்து கிடைக்காத பழக்கம் எனக்குப் புதருக்குள் கிடைத்தது. தட்டு கிடைக்காமல் போனாலும் கதை முடியாது. தட்டின் அடிப்பக்கத்தில் மார்க்கரால் பெயரும் போன் நம்பரும் எழுதிவைப்பது வழக்கம். கண்டெடுத்தவர் கூப்பிடுவார், அல்லது பக்கத்துக் கூடையின் தலையில் வைத்துவிட்டுப் போவார்.

பூங்காவை ஒட்டியே வடக்கில் இருக்கிறது நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வுக்கூடம். 1936 அக்டோபர் 31 அன்று இதே ஆற்றுப் படுகையில் ஃபிராங்க் மலீனா, ஜாக் பார்சன்ஸ் முதலிய இளைஞர்கள் ராக்கெட் எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். ஆக்ஸிஜன் குழாய் தீப்பிடித்துத் தரையில் துள்ள, எல்லாரும் ஓட்டம் பிடித்தார்கள். அந்த ஓட்டத்தில் பிறந்த ஆய்வுக்கூடம் என்று பெரியவர் சொல்வார். முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்தவர்.

ஒரு நாள் புதரோரம் களைத்து உட்கார்ந்திருந்தபோது, "நாங்களும் இரண்டு தட்டு எறிந்தோம், 1977-இல். இன்னும் கீழே விழவில்லை" என்றார். வாயேஜர் விண்கலங்களில் போன பொன்முலாம் பூசிய இசைத்தட்டுகளைத்தான் சொன்னார். வாயேஜர் 1 இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, தமிழ் இல்லை. இந்தக் குறையை அவரிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டேன், அவர் என்ன செய்வார் பாவம். உறையின் மேல் பல்சார் நட்சத்திரங்களை வைத்து நம் சூரியன் இருக்கும் இடத்தை வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். "யாராவது கண்டெடுத்தால் தெரிய வேண்டுமே, யாருடையது என்று. நீங்கள் நம்பர் எழுதியிருக்கிறீர்களா?" என்று என் கையிலிருந்த சிவப்புத் தட்டைத் திருப்பிப் பார்த்தார். எழுதியிருந்தது. மகன் கையெழுத்தில், மகனுடைய நம்பர். எனக்கு அது அப்போதும் உறைக்கவில்லை.

அடுத்த வாரமே அந்தச் சிவப்புத் தட்டு காணாமல் போனது. முக்கால் மணி நேரம் தேடிவிட்டு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகனிடமிருந்து போன்.

"அம்மா, என் சிவப்பு டிஸ்க் எங்க?"

"உன் ரூம்லதான்டா. கட்டிலுக்கு அடியில."

"அப்படியா? இப்பதான் ஒருத்தர் கூப்பிட்டார். ஓக் க்ரோவ்ல புதருக்குள்ள கெடந்துதாம். தானா நடந்து போயிடுச்சா?"

எனக்குப் பேச்சு எழவில்லை. சபையில் ஓலையை நீட்டிவிட்டார்கள், கையெழுத்து வேறு பொருந்திவிட்டது.

"பேக்ஹேண்டா, ஃபோர்ஹேண்டாம்மா?"

"பக்கவாட்டுல. சில்லு எறியற மாதிரி."

"அந்த டிஸ்க்க அப்படி எறியாதம்மா. கடைசில வலது பக்கம் கன்னாபின்னான்னு சாயும். பச்சைய எடு."

திட்டுவான் என்று பார்த்தால் இருபது நிமிஷம் வகுப்பெடுத்தான். வாரக் கணக்கில் "சாப்டியா", "ம்" என்று ஓடிய எங்கள் பேச்சில் அதற்குப் பிறகு மரமும் காற்றும் வந்து சேர்ந்தன. கண்டெடுத்தவர் சொன்னபடி தட்டு கூடைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. மகன் நம்பருக்குக் கீழே என் நம்பரையும் எழுதி வைத்தேன்.

பச்சைத் தட்டில் எண்ணிக்கை 71-க்கு இறங்கியது. ஆனால் கை சிவப்புக்குத்தான் போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதை மறுபடியும் தொலைத்துவிட்டேன். ஓக் க்ரோவ் பக்கம் போகிறவர்கள் யாராவது கண்டெடுத்தால் தயவுசெய்து மேலே இருக்கும் நம்பரைக் கூப்பிட வேண்டாம். அவனுக்குத் தேர்வு நடக்கிறது. கீழே இருப்பதுதான் என்னுடையது.