உழைச்செல்வார்

சேலத்திற்குக் கிழக்கே, ஆத்தூர் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் திருக்கோயிலின் சிற்பத் தூண்களால் பெயர் பெற்ற அவ்வூரிலிருந்து சேலத்து மருத்துவமனைகளுக்குப் பணிபுரியச் செல்லும் செவிலியர் உளர். ஊர் உறங்குகையில் அவர் விழித்திருப்பர். ஊர் விழித்தெழுகையில் சோர்ந்த கண்களோடு பேருந்தினின்று இறங்குவர். வீட்டு வேலையோ அப்போதுதான் தொடங்கும்.

இவர்தம் பணியைத் திருவள்ளுவர் மருத்துவத்தின் ஒரு கூறாகவே எண்ணினார். நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவர் வகுத்த நான்கு கூறுகள். உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். பக்கத்தில் நின்று பேணுவோரை இதனினும் பொருத்தமாகச் சுட்டும் சொல் அரிது. (செவிலி என்னும் சொல்லும் பழையதே, சங்க நூல்களில் அது தலைவியை வளர்த்த தாயைக் குறித்தது.) நோயாளியிடத்து அன்பு, மன மொழி மெய்களின் தூய்மை, சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவு ஆகிய நான்கும் உழைச்செல்வார்க்கு வேண்டும் என்பது பரிமேலழகர் உரை. அன்பு முதற்கண் வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது.

அன்பும் ஊற்றுநீர் போன்றதே. இடைவிடாது இறைத்தால் கிணறு வற்றும். மீண்டும் ஊறப் பொழுது வேண்டும். உலகச் சுகாதாரப் பேரவை 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்வகைப்பாடு இவ்வற்றுதலைக் குறிப்பிடுகின்றது. அதனை நோய் என்னாது, தொழிலால் விளையும் நிலை என்கின்றது. ஆற்றல் ஒழிதல், பணியினின்று மனம் விலகுதல், செயல்திறம் குன்றுதல் என்பன அதன் குறிகள். பரிமேலழகர் கூறிய அன்பும் வன்மையும் உதிர்வதை இவற்றுட் காணலாம்.

இத்தளர்ச்சி மனவலிமைக் குறைவால் வருவதன்று. ஒருவர் காக்கவேண்டிய படுக்கைகள் பெருகுகின்றன. இரவுப்பணி அடுக்கி வருகின்றது. கண்ணெதிரே ஓர் உயிர் பிரிந்தாலும், அழப் பொழுதின்றி அடுத்த படுக்கைக்கு விரைய நேர்கின்றது. ஊதியக் கவலையும் உண்டு. 2015இல் தமிழ்நாடு அரசு ஒப்பந்த முறையில் அமர்த்திய செவிலியர் மாதம் 7,700 ரூபாயே தொகுப்பூதியமாகப் பெற்றனர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு, பணி நிலைப்பு வேண்டிப் போராடினர். செவிலியரைக் கருணைத் தெய்வம் என்று புகழ்வது எளிது. தெய்வத்திற்குப் பசியும் உறக்கமும் இல்லை, செவிலிக்கு உண்டு.

நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் வெளியிட்ட நூலில் ஒன்றை வற்புறுத்தினார். தாம் உடனிருக்கையில் நிகழ்வது, தாம் இல்லாத பொழுதும் தவறாது நிகழுமாறு செவிலி ஒழுங்கு செய்தல் வேண்டும் என்பதே அது. பணி மாறும் வேளையில் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அடுத்து வருபவரிடம் எடுத்துரைத்து ஒப்படைப்பது இன்றைய வழக்கம். நோயாளியின் பொருட்டு எழுந்த இம்முறை செவிலிக்கும் நலம் செய்கின்றது. அமைதியாக நின்று ஒப்படைக்கக் கால்மணி நேரம் வாய்த்தவர், கவலையையும் வார்டிலேயே வைத்துவிட்டு வெளியேறுவார். அவசரத்தில் அரைகுறையாகச் சொல்லி வந்தவரோ, ஏழாம் படுக்கைக்காரரின் மருந்தைச் சொன்னோமா இல்லையா என்று, வீடு வந்து கண்ணை மூடிய பின்னும் எண்ணிக்கொண்டே இருப்பார்.