வாசலில் கிடந்த துண்டுப்பிரசுரம்

புதிதாக வந்து குரோய்டன் பக்கம் குடியேறியிருக்கும் உறவுகளுக்காக இதை எழுதுகிறோம். நாங்கள் மருத்துவம் தெரிந்தவர்கள் அல்ல. படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்து பக்டரியில் நிற்பவர்கள். பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறோம்.

2009 ஆம் ஆண்டு மே மாதம் இந்த நாட்டு அரசாங்கம் வீட்டுக்கு வீடு ஒரு துண்டுப்பிரசுரம் அனுப்பியது. பன்றிக் காய்ச்சலைப் பற்றியது. அப்போது தோண்டன் ஹீத்தில் ஒரே வீட்டில் ஏழு பேர் இருந்தோம். எங்கள் வாசலிலும் அது விழுந்தது. பீட்சாக் கடை விளம்பரங்களோடு சேர்ந்து சப்பாத்துகளுக்குக் கீழே கிடந்தது. யார் எடுத்து வாசிப்பது? முள்ளிவாய்க்கால் நாட்கள் அவை. பகலில் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றோம். இரவில் ரெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருந்தோம். தாய் தகப்பன் உயிரோடு இருக்கினமோ என்று தெரியாமல் இருந்தவர்களுக்குப் பன்றிக் காய்ச்சல் ஒரு காய்ச்சலா?

யூன் 11 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் அதை உலகம் முழுவதும் பரவிவிட்ட தொற்று என்று அறிவித்தது. யூலைக் கடைசியில் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது.

எங்களில் மூத்தவரான அண்ணர் வேலையால் வந்து அப்படியே படுத்துவிட்டார். உடம்பு உலை போலக் கொதித்தது. "வெறும் தடிமன்தான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் நோய் விடுப்பின் முதல் மூன்று நாளுக்குச் சட்டப்படியான சம்பளம் இல்லை. நாங்கள் ஏழு பேர் இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்பத்திரிக்குப் போனால் விசா விசயம் கிளறுப்படும் என்ற பயம். ஜீ.பி.யிடம் பதிந்திருந்தது எங்களில் இரண்டே பேர். அண்ணர் அந்த இருவரில் இல்லை.

மல்லி அவித்துக் கொடுத்தோம். வேது பிடிக்க வைத்தோம். பனடோல் கொடுத்தோம். அதற்கு மேலாக, கடையில் வாங்கிய எலுமிச்சைத் தூளையும் சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். அந்தத் தூளுக்குள்ளும் இருப்பது பரசிட்டமோல்தான் என்பது பின்னர்தான் தெரிந்தது. வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்துக்குள் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. தூளையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஈரலைப் பழுதாக்கப் பார்த்திருக்கிறோம்.

மூன்றாம் நாள்தான் ஒருவனுக்கு அந்தப் பிரசுரம் ஞாபகம் வந்தது. சப்பாத்துகளைக் கிளறி எடுத்தோம். அகராதியை வைத்து வாசித்தோம். காய்ச்சல் வந்தால் வெளியே போகாதே, உனக்காக மருந்து வாங்கிவர ஒரு நண்பரை முன்கூட்டியே ஒழுங்கு செய்து வை என்று இருந்தது. 'புளூ நண்பன்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். யூலை 23 முதல் இங்கிலாந்தில் அதற்கென்றே ஒரு தொலைபேசிச் சேவை நடந்தது. அறிகுறிகளைக் கேட்டு ஓர் இலக்கம் தருவார்கள். நண்பர் அந்த இலக்கத்தோடு, தனது அடையாளப் பத்திரத்தையும் நோயாளியின் பத்திரத்தையும் கொண்டுபோய் ரமிபுளு வாங்கலாம்.

யாரை அனுப்புவது? எங்களில் மேலும் இருவர் அன்று காலையில் இருமத் தொடங்கியிருந்தார்கள். மற்றவர்கள் வேலையில். கடைசியில் பக்கத்து வீட்டு ஜமேக்கா அம்மாவின் கதவைத் தட்டினோம். பத்து மாதமாக அந்தப் பெண்மணியோடு ஒரு சொல் பேசியதில்லை, பெயரும் தெரியாது. லூனர் ஹவுஸில் தந்த அண்ணரின் அட்டையை வாங்கிக்கொண்டு, செருப்போடேயே பஸ் ஏறிப் போய் மருந்தை வாங்கி வந்தா. ஆனால் அந்த மருந்து நோய் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். நாங்கள் அதை விட்டுவிட்டோம். நாலாம் நாள் இரவு அண்ணருக்கு மூச்சு இழுத்தது. அம்புலன்ஸ் வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தப்பினார். பில் எதுவும் வரவில்லை.

அந்தப் பரவலில் பிரிட்டனில் 457 பேர் இறந்ததாக 2010 இல் வெளியான அரசாங்க மீளாய்வு சொன்னது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் 65 வயதுக்குக் குறைந்தவர்கள். கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது. 1918 இலும் அப்படித்தான். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல், 20 முதல் 40 வயது வரையான உழைக்கும் ஆட்களையே அதிகம் தேடியது. இளந்தாரி உடம்பு தாங்கும் என்று இருக்க முடியாது.

ஊசி வருமே என்பீர்கள். 2009 இல் ஊசி போடத் தொடங்கியது ஒக்ரோபர் 21 இல். அறிவிப்புக்கும் ஊசிக்கும் இடையில் நாலு மாதத்துக்கு மேல். அந்த நாலு மாதமும் வீடும் அயலும்தான் துணை.

எங்கள் அம்மாக்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பனடோல், சீனி, ஒரு போத்தல் தண்ணீர், எல்லாம் ஒரு பையில் எப்போதும் கதவு மூலையில் இருக்கும். இங்கே வந்து, கடை எந்த நேரமும் திறந்திருக்கும் என்று அந்தப் பையை மறந்துபோனோம். 2020 மார்ச்சில் அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்றபோதுதான் மறுபடி ஞாபகம் வந்தது.

இரண்டு கிழமைக்கு அரிசி, பருப்பு, மா, சவர்க்காரம், பரசிட்டமோல், ஒரு காய்ச்சல்மானி. இதற்கு மேல் வாங்கி அடுக்குவது அடுத்தவன் பங்கை எடுப்பது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டிஸ்பிரின் கொடுக்காதீர்கள். அன்ரிபயோட்டிக் இந்தக் கிருமியைக் கொல்லாது, அதற்காக டொக்டரோடு சண்டை பிடிக்க வேண்டாம். நீரிழிவு எங்கள் ஆட்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி. அது உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், 65 வயதானவர்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வருடா வருடம் தடுப்பு மருந்து இலவசம். கிருமி உருமாறுவதால் போன வருடம் போட்டது இந்த வருடத்துக்குக் காணாது.

எல்லாவற்றுக்கும் முதல், ஜீ.பி.யிடம் பதியுங்கள். இங்கிலாந்தில் அதற்கு விசாவும் தேவையில்லை, விலாச அத்தாட்சியும் தேவையில்லை. ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். 111 இலக்கத்திலும் கேட்கலாம். உலகம் முழுதும் பரவும் புளூவுக்குச் சிகிச்சை எந்த விசா நிலையில் உள்ளவருக்கும் இலவசம் என்பது சட்டம். அண்ணர் அன்று அறியாதது இதைத்தான்.

2020 இல் நாங்கள் கொஞ்சம் முன்யோசனையோடு இருந்தோம். பதினாலு குடும்பங்களின் தொலைபேசி இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, யாருக்கு யார் பொறுப்பு என்று பிரித்தோம். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் அடுத்த வீட்டார் கஞ்சியும் மருந்தும் வாசலில் வைத்துவிட்டு மணி அடித்துப் போவார்கள். நன்றாகத்தான் நடந்தது. ஆனால் எங்கள் தெருவிலேயே ஒரு மேல்மாடியில், வந்து ஆறு கிழமையான ஒரு குடும்பம் இருந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் காய்ச்சல், கைக்குழந்தை வேறு. ரெலிபோனில் காசு இல்லை. ஐந்து நாள் வெறும் பாணும் பிளேன்ரீயும்தான். எங்கள் தாளில் அவர்களின் பெயர் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இந்த ஒக்ரோபரில் புதுத் தாள் எழுதியிருக்கிறோம். மேல்மாடிக் குடும்பம் முதலாவது. பக்கத்து வீட்டு ஜமேக்கா அம்மா இரண்டாவது, அவவுக்கு இப்போது 78 வயது. கீழே ஆறு வரிகளை வெறுமையாக விட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை கோயிலில் சப்பாத்து வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தாளும் பேனாவும் இருக்கும். பெயரும் இலக்கமும் போதும், விசாவைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டோம்.