பழைய துப்பாக்கிக்குப் புதுத் தோட்டா

ஆஸ்திரியாவின் தென்கோடியில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய கரவாங்கன் மலையடிவாரத்தில் இருக்கிறது ஃபெர்லாக். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து துப்பாக்கி செய்யும் ஊர். தொழில் கற்க ஒரு பள்ளி, செய்த குழலைச் சோதித்து முத்திரை குத்த ஒரு நிலையம், ஓர் அருங்காட்சியகம், எல்லாம் உண்டு. வருகிறவர்கள் சித்திர வேலை செய்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் தேடிப் போனது வேறொரு பட்டறையை. துப்பாக்கி நன்றாக இருந்தும் தோட்டா கிடைக்காதவர்கள் அங்கே வருகிறார்கள்.

மேசையில் 1893 மாடல் மான்லிக்கர் துப்பாக்கி ஒன்று கிடந்தது. ருமேனிய ராணுவத்துக்காக ஸ்டெயர் நகரில் செய்தது. பிறகு யாரோ மரக்கட்டையைச் செதுக்கி மலையாடு வேட்டைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கான 6.5×53 தோட்டா இன்று கடையில் சுலபமாகக் கிடைக்காது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளம் சுட்ட .303 இன்னும் தயாராகிறது. இரண்டுக்கும் அடியில் விளிம்பு உண்டு; உடல் பருமனும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் .303-இன் கூட்டை இதற்கு ஏற்றபடி மாற்றிவிடலாம்.

பட்டறைக்காரர் முதலில் குழலில் தோட்டா உட்காரும் அறையை அளந்தார். கொதிநீர்ச் சூட்டிலேயே உருகும் பிஸ்மத் கலவையை அதற்குள் ஊற்றி, ஆறியதும் மெல்லத் தட்டி வெளியே எடுத்தார். "புத்தகத்தில் உள்ள அளவு எல்லாத் துப்பாக்கிக்கும்தான். எனக்கு இந்தத் துப்பாக்கியின் அளவு வேண்டும்" என்றார்.

பிறகு .303-இன் வெற்றுக்கூடு. விளிம்பைக் கடைசலில் துளி சீவி, உடம்பில் கம்பளிக் கொழுப்பைத் தடவி அச்சுக்குள் அழுத்தினார். கொழுப்பு கூடினால் தோளில் குழி விழும். குறைந்தால் கூடு அச்சிலேயே சிக்கிக்கொள்ளும். 7.7 மில்லிமீட்டர் கழுத்து ஒரே அழுத்தில் 6.5 ஆகாது, படிப்படியாகத்தான் இறங்கும். நெருக்கப்பட்ட பித்தளை தடித்துவிடுவதால் உட்புறத்தையும் கடைய வேண்டும். பிறகு 56 மில்லிமீட்டர் நீளத்தை 53 ஆக நறுக்கினார்.

இத்தனை கசங்கிய பித்தளை விறைத்துப்போயிருக்கும், சுட்டால் கழுத்து கீறும். அதனால் கூடுகளைத் தட்டில் தண்ணீருக்குள் நிற்கவைத்து, கழுத்தை மட்டும் தீயில் காட்டினார். நிறம் மாறியதும் தட்டிச் சாய்த்தார். அடிப்பகுதி இளகிவிடக் கூடாது. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்கூடுகள் தாமாகவே கீறின. குதிரை லாயங்களின் அமோனியாவும், விறைத்த பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்த வேலை அது என்று 1921-இல்தான் தெளிவானது. பக்குவமாகச் சூடுகாட்டுவதே மருந்து.

எனக்கு அவரிடம் அதிகம் பிடித்தது, மறுக்கத் தெரிந்த குணம். பெரியவர் ஒருவர் தாத்தாவின் மூன்றுகுழல் துப்பாக்கியோடு கடைத் தோட்டாவும் கொண்டுவந்தார். 1888-இல் வந்த ஜெர்மானிய 8 மில்லிமீட்டர் தோட்டாவின் குண்டு 8.08, 1905-க்குப் பிந்தையது 8.2. கூடு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் புதியது பழைய அறைக்குள்ளும் போய் உட்காரும். சுட்டால் குறுகிய குழலில் அழுத்தம் எகிறும். குழலின் அடியிலிருந்த முத்திரைகளை லென்ஸ் வைத்துப் படித்தார்; பழைய அளவு என்று தெரிந்ததும் தோட்டாப் பெட்டியைத் திருப்பித் தள்ளினார்.

"ஒன்றிரண்டு சுட்டால்கூட ஆபத்தா?"

"ஒன்றுகூட வேண்டாம் ஐயா. சரியான குண்டு வைத்து இருபது செய்துதருகிறேன். சுட்ட கூடுகளைத் துடைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள், கழுத்தைப் பார்க்கணும்."