மிளகாயின் பிறந்தகம்

பிழைப்பின் பொருட்டுப் பிறமொழி நாட்டில் குடியேறிய நம் குடும்பங்களில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. அது சமையலறை வழக்கு. 'ஊர் முறை கெட்டுவிட்டது' என்பர் முதியோர். 'இருக்கும் ஊரோடு ஒத்துப்போவதில் என்ன குறை?' என்பர் இளையோர். எங்கள் இல்லத்தில் இவ்வழக்கு ரசத்தைப் பற்றி எழுந்தது. கும்பகோணத்திலிருந்து மைசூருக்கு வந்த என் அன்னையார், தேங்காயும் வெல்லமும் சேர்ந்த இவ்வூர்ச் சாற்றை ரசமென்று ஒப்பவில்லை. பேத்தி அதனைச் 'சாரு' என்று கன்னடத்தில் அழைப்பது அவரை இன்னும் வருத்தியது. "இன்று ரசம் போயிற்று, நாளை தமிழ் போகும்" என்று கூறிப் பல நாள் மோர்ச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராயிருக்கும் நான் இதற்குத் தீர்ப்புக் கூற வல்லவன் அல்லன். ஆயினும் ரசத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். மிளகாயும் தக்காளியும் மெக்சிகோ நாட்டுத் தோட்டங்களில் வளர்ந்தவை. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலில் மிளகாய் வந்தது. தக்காளி அதற்கும் பிந்தி வந்தது. அதுவரை நம் முன்னோர்க்கு உறைப்புத் தந்தது மிளகே. அவ்வாறாயின், இவற்றின் பிறந்தகத்தில் எத்தகைய ரசம் வைக்கிறார்கள்? வைத்துப் பார்க்க நானும் என் மனைவியும் முனைந்தோம்.

அதன் பெயர் 'சோப்பா தே தோர்த்தியா'. மக்காச்சோள அடை இட்ட சாறு என்பது பொருள். காய்ந்த மக்காச்சோளம் அரைக் கிலோவை, ஒரு தேக்கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் முக்கால் மணி நேரம் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டோம். மறுநாள் தோல் நீங்கக் கசக்கிப் பலமுறை கழுவி அரைத்தோம். சோளத்திலுள்ள நயாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் ஏற்கச் செய்வது அச்சுண்ணாம்பே. இம்முறை அறியாது சோளத்தையே நம்பியிருந்த பிற நாட்டு ஏழைகள் பலர் 'பெலாக்ரா' என்னும் நோய்க்கு ஆளாயினர். மாவை மெல்லிய அடைகளாகத் தட்டிச் சுட்டு, நாடாபோல் நறுக்கிப் பொரித்தோம்.

மெக்சிகோ மிளகாய்க்குப் பதிலாகத் தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய பியாடகி மிளகாய் நான்கு. நிறம் மிகுந்து காரம் குறைந்தது அது. விதை நீக்கி, வெறுஞ்சட்டியில் வறுத்து, வெந்நீரில் ஊறவைத்தோம். நான்கு தக்காளி, ஒரு வெங்காயம், மூன்று பூண்டுப் பற்கள் ஆகியவற்றைக் கருகச் சுட்டு, மிளகாயோடு அரைத்து, எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கினோம். அவர்கள் கோழிச் சாறு வார்ப்பர். நாங்கள் காய்கறி வெந்த நீர் வார்த்து, உப்பிட்டுக் கொதிக்கவிட்டோம். கொத்தமல்லியும் எலுமிச்சையும் சேர்த்தபின், உண்ணும் தறுவாயில்தான் அடைத் துண்டுகளை இடவேண்டும், இன்றேல் நமத்துவிடும்.

அன்னையார் சுவைத்தார். "பெருங்காயம் இல்லை; புளி இல்லை" என்றார். ஆயினும் மறுமுறை கேட்டு வாங்கிக்கொண்டார். "பாட்டி, இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்றாள் பேத்தி. "சோள அடை ரசம்" என்று அவர் தயங்காது விடையிறுத்தார்.

நம் முன்னோர் செய்ததும் இதுவே அன்றோ! கடல் கடந்து வந்த காய் மிளகுபோல் உறைத்தமையால் 'மிளகாய்' என்றனர். இம்மண்ணின் செடிக்குரிய தக்காளி என்னும் பெயரைப் புதிய பழத்துக்கும் சூட்டினர். கன்னடியரும் 'மெணசு' என்னும் மிளகின் பெயரிலிருந்தே மிளகாய்க்கு 'மெணசினகாயி' என்று பெயரிட்டனர். இன்னொரு வேடிக்கை: பேத்தி கூறும் 'சாரு' நம் 'சாறு' என்னும் சொல்லுக்கு உடன்பிறப்பு, அன்னையார் காத்து நின்ற 'ரசமோ' வடசொல்!

வெல்லத்தைப் பற்றிய வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. ஆனால் மாலைதோறும் பேத்திக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை அன்னையார் ஏற்றுக்கொண்டுவிட்டார். அன்பர்களே, அடுப்பில் எந்நாட்டுப் பண்டமும் கொதிக்கட்டும். அதற்குத் தமிழில் பெயரிட வல்ல நா நம் பிள்ளைகளுக்கு வாய்த்தால் போதும்.