காப்புறுதிப் பத்திரமும் கடலோர வீடும்

வீடு தீப்பற்றினால் காப்புறுதிப் பணம் கிடைக்கும் என்பதை நம்மவர் யாவரும் அறிவர். தண்ணீர் புகுந்தால் கிடைக்குமா என்பதையோ, தண்ணீர் புகுந்த பிறகே பெரும்பாலோர் அறிகின்றனர். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழை கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு இதனைக் கொடுமையாகவே அறிவித்தது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறிப் படகை எதிர்பார்த்து நின்றனர். அப்பருவத்து வெள்ளங்களால் நாடு முழுமைக்கும் நேர்ந்த நட்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் பாதிக்குச் சற்று மேலாக, 310 கோடி, சிலாங்கூர் ஒன்றற்கே உரியது. குடியிருப்புகளின் சேதம் மட்டும் 160 கோடி. அரசாங்கம் குடும்பத்துக்கு ஆயிரம் வெள்ளி ரொக்கமும் வேறு சில உதவிகளும் வழங்கியது. மெத்தையும் குளிர்பெட்டியும் பிள்ளைகளின் பாடப்புத்தகமும் மிதந்த வீட்டுக்கு அது எம்மட்டு?

நாம் கிள்ளான் கடலோரத்துத் தோட்டமொன்றில் கிராணி. ஆங்கிலப் பள்ளியில் படித்தோம் என்ற ஒரே காரணத்தால் நம் மேசைக்கு வந்து சேரும் காகிதங்கள் பல. அவ்வெள்ளத்துக்குப் பின் சில மாதங்கள் காப்புறுதிப் பத்திரங்களாகவே வந்தன. வங்கிக் கடனில் வீடு வாங்கியவர் பலரிடம் இருந்தது வெறும் தீக்காப்புறுதி. அதில் வெள்ளம் அடங்காது. தனியே கட்டணம் செலுத்திச் சேர்த்தால்தான் அடங்கும். வேறு சிலர் எம்.ஆர்.டி.ஏ. பத்திரத்தை நீட்டி, “வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோமே ஐயா” என்றனர். அது கடன் வாங்கியவர் இறந்தாலோ முற்றும் ஊனமுற்றாலோ மிச்சக் கடனைத் தீர்ப்பதற்கானது. சுவருக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வீட்டுடைமையாளர் பத்திரம் என்று ஒன்று உண்டு. அதில் வெள்ளம் அடங்கும். ஆனால் கட்டடத்துக்கு மட்டுமே. உள்ளிருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு வேறொரு பத்திரம் வேண்டும். கடலோரக் களிமண் இறங்கிச் சுவர் வெடித்தாலோ, நிலம் இறங்குதல் இதில் சேராது என்று பொடியெழுத்தில் விலக்கியிருப்பார்கள். மோட்டார் வண்டியின் முழுக் காப்புறுதி கூட, தனிக் கட்டணம் கட்டாவிடில், வெள்ளத்துக்கு முழுமையன்று. ‘முழு’ என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு போலும்!

ஓய்வு பெற்ற தண்டல் ஒருவர் வந்தார். இருபது ஆண்டுகள் கடன் கட்டி முடித்தவர். கடன் இருந்த காலமெல்லாம் வங்கியே ஆண்டுதோறும் காப்புறுதியைப் புதுப்பித்து, அவர் கணக்கில் பற்றெழுதி வந்தது. கடன் தீர்ந்தது, புதுப்பித்தலும் அன்றோடு நின்றது. அது அவருக்குத் தெரியாது. “விதி, தம்பி” என்றார் பெரியவர். விதி என்று நமக்குத் தோன்றவில்லை. இனி நீரே கட்ட வேண்டும் என்று ஒருவரும் அவருக்கு ஒரு வரி எழுதவில்லை, அவ்வளவே.

லயத்தை விட்டு வெளியேறியவர், ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு எங்கே வீடு வாங்குவார்? விலை குறைந்த இடத்தில். விலை ஏன் குறைந்தது? பல இடங்களில், நிலம் தாழ்ந்தமையால். கேரித் தீவிலும் கிள்ளான் கரையோரத்திலும் செம்பனை நிற்கும் நிலத்திற் பெரும்பகுதி கடலேற்றத்தின் உச்ச மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வரம்பு கட்டிக் கடலைத் தடுத்து, கடல் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்து மழைநீரை வடிக்கிறோம். கடல் ஏறி நிற்கும் வேளையில் மேட்டு வெள்ளமும் வந்து சேர்ந்தால் அது போக வழியில்லை. வரம்புச் செலவு ஆண்டுதோறும் தோட்டத்துப் பேரேட்டில் ஏறுகிறது. நாமே எழுதும் கணக்கு. அத்தகைய நிலம் தாமானாக மாறி விற்பனைக்கு வரும்போது, வண்ணப் படம் அச்சிட்ட விளம்பரத்தில் இந்தக் கணக்கை எவர் காட்டுகிறார்?

இந்நிலையில்தான் கட்டணச் சீர்திருத்தம் வருகிறது. தீக்காப்புறுதிக்கும் மோட்டார்க் காப்புறுதிக்கும் இருந்த நிலையான கட்டண விகிதங்களை பேங்க் நெகாரா 2016 ஜூலை முதல் படிப்படியாகத் தளர்த்தத் தொடங்கியது. ஆபத்து மிக்க வீட்டுக்கு மிகுந்த கட்டணம், குறைந்ததற்குக் குறைந்த கட்டணம் என்பது இதன் கருத்து. கேட்பதற்கு நியாயமே. ஆனால் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம். அங்கே 1968இல் சட்டம் செய்து அரசாங்கமே வெள்ளக் காப்புறுதி நடத்துகிறது. 2021 அக்டோபர் முதல் ஒவ்வொரு வீட்டின் ஆபத்தையும் தனித்தனியே அளந்து கட்டணம் விதிக்கலாயினர். பெரும்பாலான வீடுகளுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றலாகாது என்று சட்டம் தடுத்தும், லூயிசியானா முதலிய கடலோர மாநிலங்கள் 2023இல் நீதிமன்றம் ஏறின. கட்ட இயலாதவன் பத்திரத்தைக் கைவிடுகிறான். அடுத்த வெள்ளத்துக்கு வெறுங்கையோடு நிற்கிறான்.

பிரிட்டன் வேறு வழி கண்டது. 2016இல் தொடங்கிய ‘பிளட் ரீ’ ஏற்பாட்டின்படி, வீட்டுக் காப்புறுதிக் கம்பெனிகள் எல்லாம் பொதுநிதிக்கு வரி செலுத்துகின்றன. அதைக்கொண்டு தாழ்நிலத்து வீடுகளுக்கும் தாங்கத்தக்க கட்டணம் கிடைக்கிறது. ஆயினும் 2009 ஜனவரி 1 முதல் கட்டப்பட்ட வீடுகளுக்கு அதில் இடமில்லை. ஏன்? வெள்ள நிலத்தில் புதிதாகக் கட்டுகிறவனுக்குப் பரிசளிக்கக் கூடாது என்பதற்காக. இந்தத் தேதிக் கோடுதான் நம்மை மிகவும் கவர்ந்தது. அறியாமல் வாங்கிய பழையவனை ஊரார் சேர்ந்து தாங்குவர். அறிந்தே புதிதாகக் கட்டுகிறவன் தன் பாரத்தைத் தானே சுமக்கட்டும். இங்கேயும் அப்படியொரு கோடு கிழித்தால் என்ன? கோட்டுக்குப் பின் எழும் தாமானில் வெள்ளக் கட்டணத்தின் முதற் சில ஆண்டுகளை வீடமைப்பாளர் தலையில் சுமத்தினால், அவர் நிலத்தை உயர்த்துவதில் காட்டும் அக்கறையே வேறாக இருக்கும்.

கட்டுகிறவனைக் கட்டுப்படுத்துவது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1881 ஜனவரியில் கோலாலம்பூர் தீயில் வெந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே வெள்ளத்தில் மூழ்கியது. அத்தாப்பும் மரமும் போதா, செங்கல்லும் ஓடும் வேண்டும் என்று ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் விதி செய்தார். அதற்காகச் செங்கல் அறுத்த இடமே இன்று நாம் துணி வாங்கவும் தோசை தின்னவும் போகும் பிரிக்பீல்ட்ஸ்.

கோடு கிழிப்பது பாராளுமன்றத்தின் வேலை, அதற்கு நாளாகும். பத்திரத்தின் முதற் பக்கத்தில் ‘வெள்ளம் உண்டு’ அல்லது ‘வெள்ளம் இல்லை’ என்று பெரிய எழுத்தில் அச்சிட நாளாகாது. நம் மேசைக்கு வந்தவற்றுள் தமிழில் அச்சான பத்திரம் ஒன்றேனும் இல்லை. ஆகவே அன்பர்கள் இவ்வாண்டு புதுப்பிக்கும் முன் தத்தம் பத்திரத்தை எடுத்து, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவார்களாக. நம் தோட்டத்துக்கு அருகில் உள்ளோர் மாலை ஐந்து மணிக்குப் பின் வரலாம். பழைய ரசீதையும் உடன் கொண்டு வருக.